கையால் சாயமிட்ட நூலில் பின்னுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவில் பிப்ரவரி பிறக்கும்போது தொப்பிகளும் கையுறைகளும் பின்னி முடிந்திருக்கும். வெளியே பனி மட்டும் கரைந்திருக்காது. குளிர் விலகுவதற்குள் ஒரு நல்ல ஸ்வெட்டரையாவது பின்னிவிட வேண்டும் என்ற ஆசையில் பலர் முதன்முறையாகக் கையால் சாயமிட்ட மெரினோ ஆட்டுக் கம்பளி நூலையோ, பட்டும் காஷ்மீர் ஆட்டு மயிரும் கலந்த நூலையோ வாங்குவது இந்த வாரங்களில்தான். எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் பின்னல் குழுவுக்கு அந்த நூலோடு வரும் புதியவர்களைப் பார்க்கும்போது, நான் செய்த அதே பிழைகள் அதே வரிசையில் மீண்டும் நிகழ்வதைக் காண்கிறேன். கண்ணி நழுவுவதும் ஊசியின் அளவு பிசகுவதும் எந்த நூலிலும் நேரக்கூடியவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

விளக்கொளியில் நிறம் பார்ப்பது

மஞ்சள் விளக்கின் கீழ் நீலமும் ஊதாவும் உண்மையைச் சொல்வதில்லை. பகலில் சன்னலோரம் வைத்துப் பார்க்காமல் பின்னத் தொடங்க வேண்டாம்.

சிட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னித் தீர்ப்பது

சென்ற மாதம் குழுவுக்கு வந்த ஒரு பெண் கருநீல நூலில் கார்டிகன் பின்னிக்கொண்டிருந்தார். முதல் சிட்டம், அதாவது கடையில் வாங்கும் ஒரு நூல் கட்டு, தீர்ந்த இடத்தில் இரண்டாவதை இணைக்கப் போனவரைத் தடுத்தேன். "ஒரே நிறப் பெயர், ஒரே கடை, ஒரே நாளில் வாங்கியது. இதில் என்ன வேறுபாடு வந்துவிடும், அக்கா?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆலையில் ஒரு பெரிய தொட்டியில், வெப்பத்தையும் நேரத்தையும் இயந்திரம் கட்டுப்படுத்த, ஏராளமான நூல் ஒன்றாகச் சாயமேறுகிறது. அதனால்தான் அந்த நூலின் சீட்டில் சாயத் தொகுதி எண் இருக்கிறது. ஒரே எண் கொண்ட உருண்டைகள் ஒன்றுபோல இருக்கும். கையால் சாயமிடுபவரோ ஒரு பாத்திரத்தில் சில சிட்டங்களை மட்டுமே இடுகிறார். அமிலமும் சூடும் சேர்த்துப் பதியவைக்கும் அமிலச் சாயத்தைக் கம்பளி வெகு விரைவாக உறிஞ்சும். நீர் சற்று முன்னதாகச் சூடானாலும், அமிலம் சற்றுக் கூடினாலும், சிட்டம் பாத்திரத்தின் அடியில் கிடந்தாலும் நிறம் மாறிவிடும். உருகுவேயின் மான்டெவிடியோவில் பாத்திரச் சாயத்தில் நூல் செய்யும் மலப்ரிகோ நிறுவனம், தன் நூலுக்குச் சாயத் தொகுதியே கிடையாது என்றும், சிட்டங்களை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும் என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த வேறுபாடு நூலின் குறையன்று. நாம் விலை கொடுத்து வாங்கும் அழகும் அதே காரணத்தால்தான் வருகிறது.

அன்று நான் வாங்கியது கையால் சாயமிடும் வேறொருவரின் நூல். மாதுளைத் தோலின் நிறம், ஒரே இழையாலான ஒற்றைப் புரி மெரினோவில் பட்டு கலந்தது, சிட்டம் ஒன்று 36 டாலர். ஆறு சிட்டங்களுக்கு வரி நீங்கலாக 216 டாலர் கொடுத்தேன். சனவரியும் பிப்ரவரியும் முழுக்க, வேலை முடிந்து இருட்டிய பிறகு, நாற்காலிக்கு அருகில் இருந்த ஒற்றை விளக்கின் கீழ் பின்னினேன். நான் பின்பற்றிய குறிப்பில் "நூல் தீர்ந்தால் புதிய உருண்டையை இணைக்கவும்" என்று மட்டுமே இருந்தது, அப்படியே செய்தேன். உடலும் ஒரு கையும் முடிந்திருந்தன. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். மறுநாள் மாலை வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. ஸ்வெட்டரை எடுத்து விரித்தேன். மூன்றாவது சிட்டம் தொடங்கிய இடத்தில், மார்புக்குச் சற்றுக் கீழே, யாரோ அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல் சிவப்பு முடிந்து பழுப்பு தொடங்கியிருந்தது. இரண்டு மாதமாக அந்தக் கோட்டின்மேல் என் கை ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அதைக் காட்டவேயில்லை.

பிரித்தேன். ஒற்றைப் புரி நூல் ஒருமுறை பிரிப்பதைத் தாங்கியது. மீண்டும் பின்னியதில் அளவு தவறி இரண்டாம் முறை பிரித்தபோது நூல் பஞ்சுபோல் சிலிர்த்து, சில இடங்களில் மெலிந்து அறுந்துவிட்டது. அந்த நிறம் பிறகு சாயமிடப்படவே இல்லை. சீட்டிலேயே ஒரு வரி எச்சரிக்கை அச்சிட்டிருந்தது என்பதும், அதைப் படிக்காமல் கிழித்தெறிந்தேன் என்பதும் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகின்றன. நூலை விற்கும் இடத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற மனத்தாங்கலும் உண்டு.

வழி எளியது. முதலில் எல்லாச் சிட்டங்களையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எது அடர்ந்தது, எது வெளிறியது என்பது அதில் தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட துண்டுச் சீட்டைக் கட்டுங்கள். மிகவும் விலகி நிற்கும் சிட்டத்தைக் கழுத்துப் பட்டைக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் ஒதுக்குங்கள். அங்கே பின்னலின் அமைப்பே மாறுவதால் நிற மாற்றம் கண்ணில் படாது. தட்டையாக, வரிசைக்கு வரிசை திருப்பிப் பின்னினால் இரண்டு வரிசை ஓர் உருண்டையிலும் அடுத்த இரண்டு வரிசை மற்றோர் உருண்டையிலுமாகப் பின்னி, நூலை ஓரத்தில் தளர்வாக ஏற்றிச் செல்லுங்கள். இறுக்கினால் ஓரம் சுருங்கும். வட்ட ஊசியில் பின்னினால் சுற்றுக்கு ஒரு நூல் போதும்: சுற்று முடியும் இடத்தில் ஓய்ந்திருக்கும் நூலை முறுக்காமல் அப்படியே எடுத்துத் தொடர்ந்தால் இரண்டு நூலும் திருகுபடிபோல் ஏறிச் செல்லும், இணைப்பின் தடமே இருக்காது. முதல் சிட்டம் தீர்ந்த பிறகு மாற்றத் தொடங்குவதில் பயனில்லை. முதல் வரிசையிலிருந்தே இரண்டு உருண்டைகள் உங்கள் மடியில் இருக்க வேண்டும்.

கைகளிலும் இதையே செய்யுங்கள். பல நிறம் கலந்த நூலானால் உடலில் சிதறித் தெரியும் நிறங்கள், சுற்றளவு குறைந்த கைப்பகுதியில் திட்டுத் திட்டாகக் குவியும். மாற்றிப் பின்னுவது அந்தக் குவியலையும் பெருமளவு கலைத்துவிடும்.

துவைக்காத மாதிரித் துண்டை நம்புவது

கையால் சாயமிட்ட மெரினோவில் பெரும்பங்கு, இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காத சூப்பர்வாஷ் வகை. கம்பளி இழையின் செதில்களைக் குளோரின் கொண்டு மழுங்கடித்து, மேலே மெல்லிய பிசின் பூச்சு ஏற்றுவது அதன் வழக்கமான முறை. செதில்கள் ஒன்றையொன்று பற்றாததால் இழைகள் வழுக்கும். நனைந்ததும் துணி நீளும். அளவு பார்க்க முன்கூட்டியே பின்னிய என் மாதிரித் துண்டொன்றில் துவைப்பதற்கு முன் 10 செ.மீ.க்கு 30 வரிசைகள் இருந்தன, துவைத்து உலர்ந்த பின் 27. அந்தக் கணக்கில், ஊசியில் 60 செ.மீ. என்று அளந்து நிறுத்தும் உடல், முதல் துவைப்பிலேயே 66 செ.மீ.யைத் தாண்டிவிடும். துண்டை நனைத்து, உலர்த்தி, பிறகு அளந்து, வரிசைகளை எண்ணிப் பின்னுங்கள்.

குளிர்ந்த நீரில் வினிகர்

சிவப்பும் அடர்நீலமும் வடியும்போது வினிகர் கலந்த குளிர்ந்த நீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். அமிலம் மட்டும் போதாது. சாயம் இழையில் பதிய, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பமும் வேண்டும். பின்னி முடித்த ஆடையை அப்படிச் சூடாக்குவதைவிட, சிட்டமாக இருக்கும்போதே நீர் தெளியும்வரை அலசிவிடுவது மேல். வெள்ளையோடு சேர்த்துப் பின்னப் போகும் சிவப்பை நான் அலசாமல் ஊசியில் ஏற்றுவதில்லை.

ஹீட்டரின் மேல் உலர்த்துவது

வேண்டவே வேண்டாம்.

கணக்காக வாங்குவது

குறிப்பில் ஐந்து சிட்டம் என்றிருந்தால் ஆறு வாங்குங்கள். மார்ச்சில் ஒரு கை குறையும்போது அதே நிறம் கடையில் இருக்காது. இருந்தாலும் அது வேறு பாத்திரத்தில் வெந்த நிறம். அந்தக் கருநீலக் கார்டிகன்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் பின்னியதைப் பிரித்துவிட்டு, மறுவாரம் இரண்டு உருண்டைகளோடு வந்தார். ஆறாவது சிட்டம் பிரிக்கப்படாமல் பையில் இருந்தது.