அறுபதுக்குப் பிறகு சபையில் நமக்கு என்ன வேலை?

அறுபது தாண்டிய விசுவாசிகளுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் தஞ்சாவூர், நாகை, மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துச் சபைகளில் இருப்பவர்களுக்காக. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், ஞாயிறு ஆராதனையில் பல ஊர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். ஆனால் வாலிபருக்கு முகாம், சிறுவருக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி என்று யோசிக்கிற நாம், முதியவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம். அவர்கள் இனி என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

வேதம் சொல்கிறது. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் படியுங்கள். லேவியர், அதாவது தேவ ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தார், 25 வயதில் ஆராதனை நடந்த ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்கு வர வேண்டும், 50 வயதில் அந்த வேலையை விட்டு விலக வேண்டும். விலகியவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, சகோதரரோடு இருந்து காவல் காக்கச் சொல்கிறது. சுமை தூக்குவதற்கு வயது வரம்பு உண்டு, காவலுக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஓரளவு பிடிபடும். நம்மில் பலர் சுமையை விட மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கிறோம், வேறு பலர் சுமையோடு காவலையும் சேர்த்து இறக்கி வைத்துவிட்டு டிவி முன் உட்கார்ந்துவிடுகிறோம்.

முதலில் சுமையை இறக்குங்கள். சபைக் கமிட்டியிலோ, பொருளாளராகவோ, பாடகர் குழுவிலோ இருபது வருஷமாக ஒரே ஆள் இருந்தால், தலைமடைக்காரர் வாய்க்காலை மறித்துக்கொண்டது போலத்தான், கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ஆனால் கோபித்துக்கொண்டு ஒரே நாளில் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள், அதுவும் சபையைத்தான் பாதிக்கும். ஒரு வருஷத்துக்கு முன்பே ஓர் இளையவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகம், பாஸ்புக், கல்லறைத் தோட்டப் பதிவேடு, அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு, எந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன மனக்கசப்பு, எல்லாவற்றையும் அவருக்குக் காட்டுங்கள். பிறகு அவர் வேறு மாதிரி செய்தால் வாயைத் திறக்காதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம், இதற்காகவே தனியாக ஜெபிக்க வேண்டும்.

பர்சிலா என்ற கிலேயாத்து மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். தாவீது அவரை எருசலேமுக்கு, அரண்மனைக்கே அழைக்கிறார். தனக்கு 80 வயது, சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாடுகிறவர்களின் சத்தமும் கேட்கவில்லை என்று உள்ளதை மறைக்காமல் சொல்லிவிட்டு, தனக்குப் பதிலாகக் கிம்காம் என்ற இளையவனை அனுப்புகிறார் (2 சாமுவேல் 19). தனக்கு வந்த வாய்ப்பை இன்னொருவனுக்குக் கைமாற்றி விட்டார். வெளியூர் மாநாட்டுக்கோ மறைமாவட்டக் கூட்டத்துக்கோ உங்களைக் கூப்பிடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காவல் என்றால் என்ன? முதலில் ஜெபம். சாமுவேல் நியாயாதிபதிப் பொறுப்பை ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டு, உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாமல் இருந்தால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்று ஜனங்களிடம் சொல்கிறார். பதவி போன பிறகு சொன்னது அது. ஆகையால் ஒரு நோட்டு வாங்குங்கள். சபையில் உள்ள குடும்பங்களைத் தெருவாரியாக எழுதி, ஒரு நாளைக்கு நாலைந்து வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று ஒரே மூச்சில் முடிக்காமல், பிளஸ் டூ எழுதுகிற பெண், வேலை போன பையன், சர்க்கரையால் காலில் புண் ஆறாத தாத்தா, தண்ணீர் வராமல் நாற்றங்காலோடு நிற்கிற குத்தகைக்காரர் என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். வாரத்தில் ஒரு நாள் அந்த நோட்டில் உள்ள யாராவது இரண்டு பேருக்கு போன் போட்டு, அந்தக் காரியம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். துபாயில் தனியாக ஓர் அறையில் இருக்கிற பையனுக்கு ஊரிலிருந்து ஒரு தாத்தா அப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய பலம் என்று சொல்லி முடியாது. கேட்டதை நாலு பேரிடம் பேசாதீர்கள், ஒரு தடவை வெளியே போய்விட்டால் அப்புறம் யாரும் உங்களிடம் மனம் திறக்க மாட்டார்கள்.

அடுத்து, ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது, படுக்கையில் கிடக்கும் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையை, பின்னாளில் தஞ்சாவூர் ராஜாவான சரபோஜி பிடித்துக்கொண்டிருப்பார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர் சுவார்ட்ஸ், ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1787-இல் தஞ்சாவூர் துளஜா ராஜா சாகும் தறுவாயில், தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் பொறுப்பில் விட்டபோது ஐயருக்கு வயது 60. அதற்குப் பிறகு சுமார் பத்து வருஷம் அந்தப் பிள்ளையின் படிப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் உழைத்தார். 1798 பிப்ரவரியில் அவர் இறந்தார், சரபோஜி அரியணை ஏறியதோ அதே வருஷம் ஜூனில். சரபோஜி கிறிஸ்தவராகவும் மாறவில்லை, ஆனாலும் ஐயர் மேல் வைத்த அன்பு மாறவில்லை, அந்தச் சிற்பத்தைச் செய்வித்து வைத்தவரும் அவரே. அதே சுவார்ட்ஸ் திருநெல்வேலியிலிருந்து கூட்டிவந்த இன்னொரு சிறுவன்தான் வேதநாயக சாஸ்திரியார், 1864 வரை வாழ்ந்தார், அவர் பாட்டுகளை இன்றைக்கும் பாடுகிறோம். உங்கள் தெருவிலும் அப்பா இல்லாத ஒரு பையனோ, படிப்பு வராமல் திட்டு வாங்குகிற ஒரு பெண்ணோ இருக்கும். சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள், கீர்த்தனை சொல்லிக்கொடுங்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தே செய்யுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்குச் சாட்சி சொல்லும்போது வெற்றிகளை மட்டும் சொல்லாதீர்கள். 2004 சுனாமியில் கடற்கரை ஊர்களில் என்ன நடந்தது, 2018 கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்தபோது உங்கள் வீட்டில் எப்படி ஜெபித்தீர்கள், எந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, அதோடு எப்படிக் கர்த்தரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கஷ்டப்படும் நாளில் அதுதான் உதவும்.

சொத்து விஷயத்தை ஆவிக்குரிய காரியம் இல்லை என்று ஒதுக்காதீர்கள். அண்ணன் தம்பி ஒரே திருவிருந்தில் பங்கெடுக்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை (செய்தால் நல்லது), இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலால் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பங்கு செல்லாமல் போகும், ஆகவே வெளி ஆட்களைக் கூப்பிடுங்கள். உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, இதை மகள்களுக்குச் சொல்லாமல் மறைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது பாவம். உயிரோடு இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுப்பதானால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதை மீறினால் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

கடைசியாக, உதவி வாங்கிக்கொள்ளப் பழகுங்கள். வயதாகும்போது நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்று பேதுருவிடம் ஆண்டவர் சொன்னது அவருடைய மரணத்தைக் குறித்து, அதைச் சொல்லிவிட்டு உடனே 'என்னைப் பின்பற்றி வா' என்கிறார். மருமகள் குளிப்பாட்டி விடுவதும், சபைப் பிள்ளை கையைப் பிடித்துப் படியேற்றுவதும் பின்பற்றுவதை நிறுத்திவிடாது. முறைத்துக்கொண்டு வாங்காமல் நன்றி சொல்லி வாங்குங்கள். ஆலயத்துக்கு வர முடியாமல் போனால் ஆயரிடம், லுத்தரன் சபையானால் ஐயரிடம், நீங்களே வாய்விட்டு வீட்டுத் திருவிருந்து கேளுங்கள், அவர்களாக வரவில்லையே என்று மனதுக்குள் வைத்துக் குமைய வேண்டாம். அவர் வரும்போது ஜெப நோட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்திருங்கள், சபையில் யார் யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.