ஹரிக்கேன் வலுக்கிறதா? மில்லிபாரைப் பாருங்கள்
அட்லாண்டிக் ஹரிக்கேன் கரையை நெருங்கும்போது காற்றின் வேகத்தை மட்டும் பார்க்காமல் புயல் மையத்தின் காற்றழுத்தத்தையும் (மில்லிபார் என்ற அலகில் சொல்வார்கள்) குறித்துவையுங்கள். அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையத்தின் முழு அறிக்கை இந்திய நேரப்படி காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, அதிகாலை 2.30-க்கு வரும். கரைக்கு எச்சரிக்கை விடுத்துவிட்டால் இடையிலும் வரும். “988, 981, 970” என்று ஒரே வரியில் எழுதிவந்தாலே போக்கு தெரிந்துவிடும்: எண் இறங்கினால் புயல் வலுக்கிறது.

புயலின் கண்ணுக்குள் விமானம் போடும் கருவி அழுத்தத்தை நேரடியாக அளக்கிறது. உச்சக் காற்று வீசும் இடமோ விமானப் பாதையில் சிக்காமல் போகலாம். அதோடு அழுத்தம் பெரும்பாலும் முதலில் இறங்கும், காற்று பிறகுதான் கூடும். புயல் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய, கூடவே அட்சரேகையையும் எழுதுங்கள்: 6 மணி நேரத்தில் 1 பாகை வடக்கே நகர்ந்தால் 111 கி.மீ.

விமானம் போகாத நேரத்தில் அந்த அழுத்த எண் செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சொல்லும் மதிப்பீடுதான். சிறு ஏற்ற இறக்கத்தை அப்போது நம்பாதீர்கள். கடல் பொங்குவதையும் இதை வைத்துக் கணிக்க முடியாது. 2005-இல் கத்ரீனா ஹரிக்கேன் 3-ஆம் வகைக்குத் (காற்று வேகப்படி 5-ஆம் வகையே உச்சம்) தளர்ந்துதான் கரையேறியது; ஆனாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் கரையில் தண்ணீர் 8 மீட்டருக்கு மேல் ஏறியது. வெளியேறச் சொன்னால் எண்ணைப் பார்க்காமல் கிளம்புங்கள்.