சேலத்தில் சின்ன கிளீனிங் தொழிலுக்குப் பகுதி நேர ஆட்களைச் சேர்ப்பது எப்படி?

வீடு, ஆபீஸ், கிளினிக் என்று சுத்தம் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கியவர்கள் சொல்லும் முதல் குறை, "ஆர்டர் இருக்கு, ஆள்தான் இல்லை" என்பது. சேலத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நாம் கூப்பிடும் நேரத்துக்கு அவர்களால் வர முடிவதில்லை. அதனால் ஆளைத் தேடும் முன் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

படி 1: வேலையை மணிக்கணக்கில் எழுதுங்கள்

ஒரு நோட்டில் எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று எழுதுங்கள். கிளினிக் என்றால் காலை 6 முதல் 8. ஆபீஸ் என்றால் சாயங்காலம் 6-க்கு மேல். வீடுகளில் டீப் கிளீனிங் என்றால் 10 முதல் 2.

பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் வீடு வந்துசேர வேண்டிய அம்மாக்களுக்கு இந்த 10 முதல் 2 கச்சிதமாகப் பொருந்தும். அவர்களையே காலை 6 மணி வேலைக்குக் கேட்டால், பணத் தேவைக்காகச் சரி என்பார்கள்; கொஞ்ச நாளில் நின்றுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அக்காக்களைக் கேளுங்கள். சாயங்கால வேலைக்குக் கல்லூரி மாணவர்களையும் கேட்கலாம்.

தண்ணீர் வரும் நாளை மறந்துவிடாதீர்கள். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் விடும் அன்றைக்கு, குடமும் டிரம்மும் நிரம்பாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. சேர்க்கும்போதே "அக்கா, உங்க தெருவுக்கு என்னைக்குத் தண்ணி விடுவாங்க?" என்று கேட்டு, அன்றைக்கு அவருக்கு வேலை போடாதீர்கள். சொல்லாமல் எடுக்கும் பாதி லீவு இதிலேயே குறைந்துவிடும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரம்தான் நமக்கு ஆர்டர் குவியும். அவர்களுக்கும் தங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய அதே வாரம்தான் இருக்கிறது. ஒரு மாதம் முன்பே பேசி வைக்காவிட்டால் ஆள் கிடைக்காது.

படி 2: கூலியைக் கணக்கிடுங்கள்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 3,000 ரூபாய் பேசுகிறீர்கள். இரண்டு பேர், 4 மணி நேரம், மணிக்கு 120 ரூபாய்: கூலி 960. லிக்விட், துணி 350. ஆட்டோ 300. மீதி 1,390. வேலை இல்லாத நாள், மெஷின் ரிப்பேர், போன் செலவு, உங்கள் உழைப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் ரேட்டை ஏற்றுங்கள். கூலியில் கை வைக்காதீர்கள்.

அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகவே கூடாது. ஒவ்வோர் ஏப்ரலிலும் அகவிலைப்படி மாறும் என்பதால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் வருடா வருடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பல பெண்கள் வீட்டிலிருந்தபடியே கொலுசு வேலையோ, தறிக்குத் துணை வேலையோ செய்கிறார்கள். வெளியே வந்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

பணத்தை அன்றன்றைக்கே கொடுங்கள். பகுதி நேர ஆட்களை நம்மோடு நிற்க வைப்பதில் இதற்கு இணை எதுவும் இல்லை. பெரிய அட்வான்ஸ் கொடுத்து, "கடன் தீரும்வரை வேறெங்கும் போகக் கூடாது" என்று கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

படி 3: வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள்

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் வேலை என்றால் கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டியில் தேடுங்கள். கொண்டலாம்பட்டியிலிருந்து ஆளைக் கூட்டி வந்தால் போக வரவே பாதி நாள் போய்விடும். 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆகவே அந்தப் பஸ் ஒன்றிலேயே நேராக வந்து இறங்கக்கூடியவர்களாகப் பாருங்கள்.

யாரிடம் கேட்பது? மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, அங்கன்வாடி டீச்சர், தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, தையல் கடை அக்கா. யாருக்கு வேலை தேவை, யார் சொன்ன நேரத்துக்கு வருவார் என்று இவர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் இலவசமாகப் பதிவு செய்யலாம்.

கடையில் ஒட்டும் நோட்டீஸ் இப்படி இருக்கட்டும்:

"வீடு சுத்தம் செய்யும் வேலை. அழகாபுரம் பகுதி. வாரம் 3 நாள், காலை 10 முதல் 2 வரை. மணிக்கு 120 ரூபாய், அன்றே கையில். கையுறை, பொருட்கள் நாங்கள் தருவோம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்."

"தகுந்த சம்பளம்" என்று மட்டும் போட்டால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். தொகையைப் போடுங்கள்.

படி 4: ஒரு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள், கூலியோடு

நேர்காணலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு பாத்ரூமும் ஒரு சமையலறையும் கொடுத்துப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்புக் கறை படிந்த டைல்ஸை எப்படித் தேய்க்கிறார், ஃபேனைத் துடைத்த பிறகு தரையைக் கூட்டுகிறாரா, பாத்ரூம் துணியைச் சமையலறைக்குக் கொண்டு போகாமல் இருக்கிறாரா? கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கற்றுக்கொடுத்தால் வந்துவிடும், பாத்ரூமுக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை என்று பிரித்துக் கொடுங்கள். வேலை பிடிக்காவிட்டாலும் அன்றைய கூலியைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

படி 5: காகிதங்கள்

அடையாள அட்டை நகல் ஒன்று, வீட்டில் ஒருவருடைய போன் நம்பர், நாள், நேரம், கூலி எழுதிய ஒரு பக்கத் தாள். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு இருந்தால், பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேரச் சொல்லி வருடத்துக்கு 20 ரூபாயை நீங்களே கொடுத்துவிடுங்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். ஆட்கள் 10 பேரைத் தொட்டால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

படி 6: முதல் நாளே சொல்ல வேண்டியவை

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. காட்டிச் சொல்லுங்கள், மறுபடியும் சொல்லுங்கள்.

"அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துடுங்க, தனியா காசு தர்றேன்" என்று கேட்கும் வீடுகள் உண்டு. முடியாது என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பு இல்லாமல் மனிதரைத் தொட்டியில் இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டப்படி சிறைக்குப் போகும் குற்றம்.

வந்தவர் என்ன சாதி என்று விசாரிக்கும் வீடு, தனி டம்ளரில் தண்ணீர் கொடுக்கும் வீடு இன்னும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு மறுபடி ஆள் அனுப்பாதீர்கள். தப்பாக யாராவது நடந்துகொண்டால் உடனே வெளியே வந்து போன் செய்யச் சொல்லுங்கள். பாதியில் நின்ற வேலைக்கும் முழுக் கூலி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 அவர்கள் போனில் இருக்கட்டும்.

ஏற்காட்டில் வேலை எடுப்பவர்களுக்கு

ஹோம்ஸ்டே, ரிசார்ட் வேலை முழுக்க சனி, ஞாயிறு, திங்களில்தான். ஒரு குடும்பம் 11 மணிக்குக் காலி செய்து, அடுத்தது 1 மணிக்கு வந்து நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மலையில் இருப்பவர்கள்தான் சரிப்பட்டு வருவார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால், அக்டோபரிலேயே மாற்று ஆள் பேசி வையுங்கள். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் தினமும் ஆள் தேவைப்படும். சேலத்திலிருந்து அழைத்துப் போவதானால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். இறங்குவதற்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தின பஸ்ஸில் அனுப்பி வையுங்கள்.