தடா அருவிக்குப் போகிறீர்களா? தண்ணீரில் உடனே குதிக்காதீர்கள்

சனி, ஞாயிறில் மலை ஏறிக் குளிக்க ஆசைப்படும் சென்னைக்காரர்களுக்குத் தடா பக்கத்து உப்பலமடுகு அருவி நல்ல இடம். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போகலாம். கோடையில் பாறைதான் மிச்சம்.

ஏறி முடித்ததும் உடம்பு கொதிக்கும். அப்படியே குளிர்ந்த குட்டையில் குதித்தால் மூச்சு திடுக்கென்று இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு நீரும் உள்ளே போய்விடும். நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவது இதனால்தான். கொஞ்சம் உட்கார்ந்து வியர்வையை ஆற விடுங்கள். பிறகு காலை நனைத்து, முகத்திலும் நெஞ்சிலும் தண்ணீர் தெளித்து, மெதுவாக இறங்குங்கள். ஓரிரு நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும். அப்புறம் நீந்துங்கள்.

பாறை மேலிருந்து டைவ் அடிப்பது வேண்டவே வேண்டாம், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. பாசி வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கி ஏறினால் மேலே எங்கோ மழை, உடனே கரையேறிவிடுங்கள். கிளம்பும் முன் வனத்துறை அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துணியை மாற்ற ஒரு துண்டு, பிளாஸ்கில் சுக்கு காபி. பஜ்ஜி கட்டிக்கொண்டு போவது உங்கள் இஷ்டம், குரங்குகள் பங்கு கேட்கும்!