மூணு பீரியட் முடிஞ்சும் ஸ்கோர் சமமா? ஐஸ் ஹாக்கி ஓவர்டைம் புதியவர்களுக்கு

வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கி பார்க்கிறேன் என்றால் எங்கள் தெருவில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் டொராண்டோவில் இரவு ஏழுக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை ஐந்தரை. காசிமேட்டில் மீன் ஏலம் சூடாக நடக்கும் நேரம். டொராண்டோவில் இருக்கும் என் மாமா பையன்தான் இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டான்.

முதல் ஆட்டத்திலேயே சொதப்பினேன். இருபது நிமிடம் வீதம் மூன்று பீரியட் முடிந்து ஸ்கோர் 2-2. லீக் ஆட்டம்தானே, கால்பந்து மாதிரி டிரா என்று போனை அணைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் வாட்ஸ்அப்பில் திட்டு: "டேய், ஜெயிச்சாச்சுடா, எங்க போன?"

படி 1: என்ன ஆட்டம் என்று பாருங்கள்

என்.எச்.எல். என்ற வட அமெரிக்க லீக்கை வைத்தே சொல்கிறேன். அதில் சீசன் ஆட்டத்துக்கு ஒரு விதி, சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்கு வேறு விதி. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான். முதலில் சீசன்.

படி 2: ஐந்து நிமிடம், மூன்றுக்கு மூன்று

வழக்கமாகப் பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோலியும் (கோல்கீப்பர்தான்) ஆடுவார்கள். ஓவர்டைமில் மூன்று பேர், ஒரு கோலி. ஐந்து நிமிடம். யார் முதலில் கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. 2015-16 சீசனில்தான் இந்த மூன்றுக்கு மூன்று வந்தது. அதற்கு முன் நாலுக்கு நாலு.

ஐஸ் பரப்பு அதேதான், ஆள்தான் குறைவு. அதனால் இடம் திறந்து கிடக்கும். ஒரு பாஸ் தப்பினால் எதிரணி இரண்டு பேராகக் கோலியை நோக்கிப் பாய்ந்துவிடும். அந்தப் பயத்தில் நல்ல அணிகள் அவசரப்பட்டு அடிப்பதில்லை. பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வைத்துக்கொண்டு பின்னால் வந்து, தங்கள் ஆட்களை மாற்றிவிட்டு மறுபடி போவார்கள். எதிரணி அதற்குள் மூச்சு வாங்கும். போதாததற்கு ஓவர்டைமில் பக்கம் மாறுவதால், தற்காப்பு ஆடுபவர்களுக்கு மாற்று ஆள் உட்காரும் பெஞ்சு தூரமாகிவிடும். ஆக, இது கேரம் மாதிரி. காயைப் போடுவதைவிட எதிராளிக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் சாமர்த்தியம்.

யாராவது தப்பாட்டம் ஆடி இரண்டு நிமிடம் வெளியே போனால்? மூன்று பேர் இரண்டாகக் குறைய மாட்டார்கள். அதற்குப் பதில் எதிரணி நாலாவது ஆளை இறக்கும். நான் முதலில் பார்த்தபோது, யாரோ கூடுதலாக இறங்கிவிட்டார், நடுவர் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன்.

படி 3: அப்போதும் சமமா? ஷூட்அவுட்

நம்ம ஊர் டோர்னமென்ட் டைபிரேக்கர்தான், ஆனால் நின்று அடிப்பதில்லை. ஒரே ஆள் நடு ஐஸிலிருந்து பக்கைத் தள்ளிக்கொண்டு கோலியை நோக்கி வருவார். பக் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கோலி தடுத்துத் தெறித்தால் மறுபடி அடிக்க முடியாது. அணிக்கு மூன்று பேர். அதிலும் சமம் என்றால் ஒருவருக்கு ஒருவராகத் தொடரும். 2005-06 சீசனில் ஷூட்அவுட் வந்தது, டிரா என்பதும் அத்தோடு ஒழிந்தது.

நாடுகள் மோதும்போது விதி கொஞ்சம் வேறு. 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் ரஷ்யாவுக்கு எதிராக அமெரிக்காவின் டி.ஜே. ஓஷி ஆறு முறை வந்து நாலு போட்டார். என்.எச்.எல்.லில் தகுதியுள்ள எல்லோரும் ஒருமுறை அடிக்காமல் அதே ஆள் திரும்ப வர முடியாது.

படி 4: புள்ளிக் கணக்கு

ஜெயித்தால் 2 புள்ளி, அறுபது நிமிடத்துக்குள் தோற்றால் பூஜ்யம். ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் மட்டும் 1 புள்ளி. பட்டியலில் 40-30-12 என்று இருந்தால் கடைசி எண் அதுதான்: 40 வெற்றிக்கு 80 புள்ளியும் 12ம் சேர்ந்து 92. தோற்றவனுக்கு எதற்கு ஒரு புள்ளி என்று எனக்கு இன்றுவரை எரிச்சல்தான். கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் "ஒண்ணு கிடைச்சா போதும்" என்று மெத்தனமாக ஆடுவதற்கு அதுவே காரணம் என்பேன். மாமா பையன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

இன்னொன்று. ஓவர்டைமில் கோலியை வெளியே எடுத்துவிட்டு ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கினால், காலி வலையில் கோல் விழுந்த அணிக்கு அந்த ஒரு புள்ளியும் போய்விடும்.

படி 5: பிளேஆஃப்

இங்கே ஷூட்அவுட்டே கிடையாது. ஐந்துக்கு ஐந்து, முழு இருபது நிமிட பீரியட், கோல் விழும்வரை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். 1936 மார்ச்சில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆடிய ஆட்டத்தில் ஆறாவது ஓவர்டைமில்தான் மட் புரூனெட்டோ ஒரே கோலைப் போட்டார். ஓவர்டைம் மட்டும் 116 நிமிடம் 30 நொடி. அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

பிளேஆஃப் நடக்கும் மாதங்களில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருப்பார்கள், அதனால் நமக்கு நாலரைக்கே ஆட்டம். போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு உட்காருங்கள். தண்ணீர் பிடிக்க வேறு யாரையாவது அனுப்புங்கள்.