ஃபார்முலா 4 சீசனுக்குப் பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"அண்ணாச்சி, நம்ம பய நாலுவழிச்சாலைல நூத்தி நாப்பதுல அசால்டா ஓட்டுதான், அவன ஃபார்முலா 4-ல சேத்துவிடணும்னா யாரப் பாக்கணும்?"

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து பாளையங்கோட்டைப் பக்கம் இந்தக் கேள்வி கூடிப்போய்விட்டது. அடுத்த சீசன் நெருங்க நெருங்க இன்னும் கூடும். ஃபார்முலா 4 என்பது ஒருவர் மட்டும் உட்காரும், சக்கரம் திறந்த பந்தயக் கார்களில் முதல் படி, அதில் ஏற ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனால் அந்த நூத்தி நாப்பதுதான் முதல் தப்பு.

கேடிசி நகரிலிருந்து நாங்குநேரி வரை நேராகக் கிடக்கிற ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்க யாராலும் முடியும், அதில் திறமை ஒன்றும் தெரியாது. அதோடு, 18 வயது ஆகாத பிள்ளை ரோட்டில் கார் ஓட்டி மாட்டினால் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மாட்டுவது அப்பாதான்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஃபார்முலா 4-ல் 15 வயது முடிந்தாலே பந்தயத்தில் இறங்கலாம், சாலை லைசென்ஸ் கேட்க மாட்டார்கள், இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு தரும் பந்தய லைசென்ஸ்தான் வேண்டும். அப்படி இருக்கும்போது ரோட்டில் பழக வேண்டிய அவசியம் என்ன?

அடுத்தது, கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டும் கார்ட்டிங்கைத் தாண்டிக் குதிப்பது. "அது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு" என்று சொல்கிறவர்களுக்கு, அதே சின்னப் பிள்ளைகள்தான் டிராக்கில் பக்கத்தில் நிற்கப் போகிறார்கள், ஏழெட்டு வயதிலிருந்தே ஓட்டிக்கொண்டு. ஓரளவு ஓட்ட வந்ததும் எல்லோரும் நேராகச் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர் நீளம், அருமையான டிராக், மறுக்கவில்லை. ஆனால் நமக்கு ஏறக்குறைய பாதி தூரத்திலேயே கோவை செட்டிபாளையத்தில் 2003-லிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நீளமும் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான் என்பதால் ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பழகலாம். மாருதி எஞ்சின் போட்ட எல்ஜிபி என்ற உள்நாட்டு ஃபார்முலா கார்களில் ஒரு சீசன் ஓட்டிவிட்டு ஃபார்முலா 4-க்கு வருவது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ரோட்டில் ஓட்டிப் பழகியவன் எங்கே மாட்டுவான் என்றால் பிரேக்கில். வீட்டு காரில் பிரேக்கை மெல்லத் தொட்டு, நிற்கப் போகும்போதுதான் அழுத்துவோம். இங்கே தலைகீழ். முன்னும் பின்னும் இருக்கிற இறக்கைகள் வேகம் இருக்கும்வரைதான் காரைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கும், அதனால் முதல் மிதியே பலமான மிதியாக இருக்க வேண்டும், அப்புறம் வேகம் குறையக் குறையக் காலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வளைவுக்குள் நுழைய வேண்டும். ஏபிஎஸ் கிடையாது, பிரேக் பூஸ்டர் கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. வேகம் குறைந்த பிறகு கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், டயரில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும், மீதிப் பந்தயம் முழுக்க ஸ்டீயரிங் உதறிக்கொண்டே இருக்கும். இதில் இடது காலால் பிரேக் பிடிக்க வேறு பழக வேண்டும். கிளட்சை மட்டுமே மிதித்துப் பழகிய கால் முதல் நாள் படுத்தும் பாட்டைப் பார்த்தால் தெரியும். கார்ட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கார்ட்டிலிருந்து கொண்டுவரக் கூடாத பழக்கம் ஒன்று இருக்கிறது, இடிப்பது. கார்ட்டுக்குச் சுற்றிலும் பம்பர் உண்டு, லேசாகத் தட்டிவிட்டுப் போய்விடலாம். ஃபார்முலா காரில் சக்கரங்கள் வெளியே திறந்து கிடக்கின்றன. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் ஏறினால் அந்தச் சுழற்சியே உங்கள் காரைத் தூக்கி எறிந்துவிடும். துபாயில் அஜித்தின் அணி ஓட்டியது மூடிய உடம்புள்ள ஜிடி கார், அதில் கதவோடு கதவு உரசுவதைப் பார்த்துவிட்டு இங்கே முயலாதீர்கள். தலைக்கு மேல் ஹாலோ என்ற பாதுகாப்பு வளையம் இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம்.

உடுப்பில் காசு போவது தனிக் கதை. கார்ட்டிங் உடுப்பு கீழே விழுந்தால் தோல் சிராய்க்காமல் இருக்கச் செய்தது, தீயைத் தாங்காது. கார்ட்டிங் ஹெல்மெட்டும் அப்படித்தான், ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பைக் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கார் பந்தயத்துக்கு ஹெல்மெட்டில் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் 8859 அல்லது 8860, உடுப்பில் 8856 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியை மாட்ட ஹெல்மெட்டின் இரு பக்கமும் கொக்கி இருக்க வேண்டும். எல்லாம் வாங்கிவிட்டு உள்ளே பாலியஸ்டர் டி-ஷர்ட் போட்டு வருகிறவர்களும் உண்டு. சூட்டில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளாடையும் தீ தாங்கும் துணிதான்.

உடம்பு விஷயத்தில் ஜிம்முக்குப் போய்க் கையை மட்டும் முறுக்கேற்றுகிறார்கள், வளைவில் தலையைத் தாங்க வேண்டிய கழுத்து, பாவம், அப்படியே கிடக்கிறது. எடையைக் குறைக்கிறேன் என்று பிள்ளையைப் பட்டினி போடுவதும் வேண்டாம், ஓட்டுபவரையும் சேர்த்துத்தான் குறைந்தபட்ச எடை கணக்கு, ரொம்ப இளைத்திருந்தால் காரில் பாரத்தை வைத்து ஈடுகட்டுவார்கள். பையனை மட்டும் மனதில் வைத்துப் பேசுவதும் தப்பு. பெண்களுக்காக 2023-ல் தொடங்கிய எஃப்1 அகாடமி பந்தயத் தொடர் ஓடுவதே ஃபார்முலா 4 காரில்தான்.

மழையை மறந்துவிடுவதும் ஒரு தப்பு, நமக்கு ஆகஸ்ட் என்றால் வெயில்தான் நினைப்பு. சென்னைத் தெருப் பந்தயம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்தபோதும் மழை வந்து ஆட்டம் காட்டியது. ஈரத் தரையில் கார்ட் ஓட்டாமல் போகாதீர்கள். தெருவில் வழுக்கினால் ஓடி நிற்க மண் இருக்காது, சுவர்தான்.

"ஒரு கப் அடிச்சா எஃப்1 தானே?" இல்லை. எஃப்1-க்கான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று சீசனில் 40 புள்ளி சேர வேண்டும், ஃபார்முலா 4 சாம்பியனுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 12. நம்ம நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா ஆசியா, பிரிட்டிஷ் எஃப்3 என்று சுற்றிவிட்டுத்தான் 2005-ல் ஜோர்டன் அணியின் எஃப்1 காரில் உட்கார்ந்தார்.

கடைசியாக ஒப்பந்தம். சீசன் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். முன் இறக்கை உடைந்தால் யார் காசு, அதற்கு உச்சவரம்பு உண்டா, சோதனை ஓட்டம் எத்தனை நாள், டயர் கணக்கு எப்படி, ஒரு சுற்று ரத்தானால் பணம் திரும்புமா, இதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். "பாத்துக்கலாம் சார்" என்று சொன்னால், எழுத்தில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.