குடும்பத்துக்குச் சிறிய எஸ்.யு.வி.யா, வேகனா? கொழும்பில் வாகனம் தெரிவு செய்யும் முறை

கொழும்பில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வாகனம் வாங்கப் புறப்பட்டால், பேச்சு பெரும்பாலும் வெசலா, ஷட்டிலா என்ற கேள்வியில் வந்து நிற்கும். முதலாவது உயரமான சிறிய எஸ்.யு.வி.; மற்றையது நீளமான வேகன். ஹொண்டாவின் இந்த இரண்டு வாகனங்களும் மூன்றாம் தலைமுறை ஃபிட் காரின் அடித்தளத்திலிருந்து வளர்ந்தவை என்பதும், 2013 இறுதியில் வெளிவந்த முதலாவது வெசலின் ஹைபிரிட் வகையிலும் 2015 இல் வெளிவந்த ஷட்டில் ஹைபிரிட்டிலும் 1.5 லீற்றர் எஞ்சினும் இரண்டு கிளச்சுகளைக் கொண்டு தானாகவே கியர் மாற்றும் ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்பெட்டியுமே பொருத்தப்பட்டுள்ளன என்பதும் வாங்குவோர் பலருக்குத் தெரிவதில்லை. அடித்தளமும் இயந்திரமும் இவ்வளவு நெருங்கியிருப்பதால், இவற்றை அருகருகே நிறுத்தி அளந்து பார்ப்பவருக்கு, உயரத்துக்காக எதைக் கொடுக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்பது வேறெந்த ஒப்பீட்டையும் விடத் தெளிவாகும். நான் இந்தக் கட்டுரையில் இவ்விரண்டையும் முதன்மை உதாரணமாகக் கொள்வதற்குக் காரணம் அதுவே.

பெயரால் வரும் ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். நமது வீதிகளில் நிறைந்திருக்கும் சுசுகி வேகன் ஆர், பெயரில் வேகன் என்றிருந்தாலும், உயரமான கூரை கொண்ட சிறிய கார் மட்டுமே. இங்கே வேகன் என்று நான் சொல்வது ஷட்டில், டொயோட்டா கொரொல்லா ஃபீல்டர், பிரியஸ் அல்ஃபா போன்று, காரின் உயரத்திலேயே கூரை பின்வரை நீண்டு, டிக்கியும் பயணிகள் பகுதியும் ஒரே அறையாக இருக்கும் வாகனங்களை. அதேபோல, எஸ்.யு.வி. என்ற பெயர் நான்கு சக்கர இயக்கத்துக்கு உத்தரவாதமும் அல்ல. இங்கு ஓடும் சிறிய எஸ்.யு.வி.க்களில் பெரும்பாலானவை சாதாரண காரைப் போல முன் சக்கரங்களால் மட்டுமே இயங்குகின்றன. ஆகவே சேற்றில் இழுத்துக்கொண்டு வெளியேறும் என்ற நம்பிக்கையில் எவரும் அதிக பணம் கொடுக்க வேண்டாம்.

வாகனத்தைப் பார்க்கச் செல்லும் முன்பு, அது இரவில் நிற்கப்போகும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளின் அடுக்குமாடிகளில் தரிப்பிடம் ஒடுக்கமானது. சிலவற்றில் ஒரு வாகனத்தின் மேல் இன்னொன்றைத் தூக்கி நிறுத்தும் இயந்திரத் தட்டுகளும் உண்டு. ஜப்பானில் இத்தகைய பழைய இயந்திரத் தரிப்பிடங்களின் உயர எல்லை பொதுவாக 1,550 மில்லிமீற்றர். ஷட்டிலின் உயரம் 1,545 மில்லிமீற்றராகவும், முதலாவது வெசலின் உயரம் 1,605 மில்லிமீற்றராகவும் இருப்பதைப் பார்த்தால், உங்கள் கட்டடத்தின் எல்லை எவ்வளவு என்பதை முகாமையாளரிடம் முன்கூட்டியே கேட்பது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். அகலத்தையும் அளக்க வேண்டும். ஜப்பானின் சிறிய வாகன வகுப்புக்கு 1,700 மில்லிமீற்றர் என்ற அகல எல்லை இருப்பதால் ஷட்டில், அந்நாட்டின் பழைய வடிவ ஃபீல்டர், டொயோட்டாவின் சிறிய எஸ்.யு.வி.யான ரைஸ் ஆகிய மூன்றும் 1,695 இல் நிற்கின்றன. வெசல் 1,770 வரை செல்கிறது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எதிரே ஒரு முச்சக்கரவண்டி வரும்போது அந்த ஏழரைச் சென்ரிமீற்றரின் பெறுமதி தெரியும். நீளம் முக்கியமென்றால் 3,995 மில்லிமீற்றரில் முடியும் ரைஸ், 4.4 மீற்றர் நீளமுள்ள ஷட்டிலை எளிதில் வெல்லும். எனவே வகையின் பெயரைப் பார்த்து, எது சிறியது என்று ஊகிக்க வேண்டாம்.

அடுத்தது, யார் யார் ஏறி இறங்கப் போகிறார்கள் என்பது. இந்தக் கேள்விக்கு விற்பனை நிலையங்களில் கிடைக்கும் கவனம் மிகக் குறைவு என்பதே என் அனுபவம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி கடுமையானபோது, நாங்கள் அப்போது வைத்திருந்த பழைய காரில் அவர் இருக்கையில் தாழ்ந்து அமர்வதற்குக் கதவைப் பிடித்தபடி பட்ட சிரமத்தை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அதனால் உயரமான வாகனமே தீர்வு என்று முடிவெடுத்து, ஒரு பெரிய எஸ்.யு.வி.யைப் பார்க்க அவரையும் அழைத்துச் சென்றோம். சேலை உடுத்திய அவரால் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை. முதியவர்களுக்கு வேண்டியது உயரம் என்பதை விடப் பொருந்தும் உயரம் என்று சொல்வதே சரி. அவர் வாகனத்தின் பக்கத்தில் நிற்கும்போது இருக்கையின் விளிம்பு பின்தொடையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால், அவர் முழங்காலை அதிகம் மடிக்காமலும் காலை உயர்த்தாமலும் பக்கவாட்டில் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அளவு நாடாவை எடுத்துச் சென்று, வீட்டில் அவர் சிரமமின்றி எழும் கதிரையின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். இந்த ஒரு விடயத்தில் வெசல், ரைஸ் போன்ற சிறிய எஸ்.யு.வி.க்கள் வேகன்களை விடப் பெரும்பாலும் மேலானவை. இதை வேகனை விரும்பும் நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இருக்கையின் உயரத்தோடு கதவின் அமைப்பையும் பாருங்கள். கூரை பின்னோக்கிச் சரியும் வடிவமுள்ள எஸ்.யு.வி.க்களில் பின் கதவின் மேல் விளிம்பு தாழ்ந்திருப்பதால் ஏறுபவர் தலையைக் குனிய வேண்டியிருக்கும். டொயோட்டா சி-எச்.ஆர். இதற்குத் தெளிவான உதாரணம். அதன் பின் யன்னல்களும் சிறியவை, நீண்ட பயணத்தில் பிள்ளைகளுக்கு வெளியே பார்க்கக் கிடைக்காது. வேகனில் கூரை பின்வரை நேராகச் செல்வதால் இந்தச் சிக்கல் குறைவு. பிள்ளைக்குத் தனி ஆசனம் பொருத்துபவர்கள், பின் இருக்கையின் இடுக்கில் அந்த ஆசனத்தை நேரடியாக மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொளுக்கிகள் இருப்பதைக் கையால் தொட்டு உறுதிப்படுத்துங்கள். அந்த ஆசனத்தை வைத்த பிறகு பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் அமர இடம் மிஞ்சுகிறதா என்பதையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஏழு பேர் கொண்ட குடும்பமென்றால், பிரியஸ் அல்ஃபாவின் மூன்று வரிசை வகை கருத்தில் கொள்ளத்தக்கது. அதில் பற்றரி முன் இருக்கைகளின் நடுவே வைக்கப்பட்டிருப்பதாலேயே மூன்றாவது வரிசைக்கு இடம் கிடைத்தது. இருந்தாலும் அந்தக் கடைசி வரிசை பிள்ளைகளுக்கே உரியது.

இனிச் சாமான்கள். கொழும்புக் குடும்பம் ஒன்றின் வாகனம் வருடத்தில் ஓரிரு தடவை உண்மையாகச் சோதிக்கப்படுவது நல்லூர்த் திருவிழாக் காலத்திலோ பாடசாலை விடுமுறையிலோ யாழ்ப்பாணம் புறப்படும் அதிகாலையில்தான். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம். ஐந்து பேரின் உடுப்புப் பெட்டிகள், பிள்ளையின் தள்ளுவண்டி, சாப்பாட்டுக் கூடை ஆகியவற்றோடு போய், திரும்பும்போது மாம்பழப் பெட்டி, ஒடியல், மிளகாய்த்தூள், உறவினர் கொடுத்தனுப்பும் பார்சல்கள் என்று எல்லாம் சேரும். ஷட்டிலின் டிக்கி, தரைக்குக் கீழுள்ள இடத்தையும் சேர்த்து 570 லீற்றர் கொள்ளும். வெசலின் டிக்கி 400 லீற்றருக்கு அண்மித்தது. ஃபீல்டரின் 407 லீற்றரைப் பார்க்கும்போது வேகன் என்றாலே டிக்கி பெரிதாகிவிடாது என்பதும் புரியும். லீற்றர் கணக்கை விட முக்கியமானது வடிவம். வேகனின் டிக்கித் தளம் தாழ்ந்திருப்பதால் அரிசி மூட்டையை இடுப்புக்கு மேல் தூக்காமல் உள்ளே தள்ளலாம். பின் கண்ணாடி அதிகம் சரியாததால் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம்.

டிக்கி போதாதவர்கள் கூரையில் கட்டுகிறார்கள். ஏற்கெனவே உயரமான வாகனத்தின் கூரையில் சுமை ஏறும்போது அதன் ஈர்ப்பு மையம் மேலும் உயர்கிறது. திடீரென்று மாடு குறுக்கே வந்து சுக்கானைத் திருப்பும் வேளையில் வாகனம் சாயும் ஆபத்தும் அதனோடு கூடுகிறது. ஏ9 வீதியில் இரவில் ஓடியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது தெரியும். பிள்ளைகளோடு செல்லும் எவரும் சாமானைத் தாழ்வாக, பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி ஏற்றுவதையே நான் வேண்டிக்கொள்வேன். தாழ்ந்து நீண்ட வேகன் அதற்கு இயல்பாகவே இடம் தருகிறது.

எஸ்.யு.வி.க்காகப் பேசும் வலுவான காரணம் தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள உயரம். வெசலிலும் ரைஸிலும் அது 185 மில்லிமீற்றர் அளவு. ஷட்டிலில் 130 மில்லிமீற்றர் அளவு. ஐந்து பேரும் சாமான்களும் ஏறியதும் பின்பக்கம் மேலும் தாழும் என்பதால், வேகனின் அடி வேகத்தடைகளிலும் நிலக்கீழ்த் தரிப்பிடச் சரிவின் முனையிலும் உரசக்கூடும். நீங்கள் கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்று களனி ஆற்றின் தாழ்நிலங்களில் வசிப்பவராயின், 2016 மே மாத வெள்ளத்தையும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். என் தங்கையின் குடும்பம் அந்தப் பக்கமே குடியிருப்பதால், அவர்கள் வெசலை வாங்கியபோது நான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஹட்டன், பதுளைப் பக்கத் தோட்ட வீதிகளில் மாதந்தோறும் ஓடுபவர்களுக்கும் அதுவே பொருந்தும். ஆயினும் அந்த ஐந்தரைச் சென்ரிமீற்றர், மழை தேங்கிய ஒழுங்கையைக் கடக்க உதவுமே தவிர, வெள்ளத்தில் செல்வதற்கான அனுமதி ஆகாது. நீர் சக்கரத்தின் நடுப்பகுதியை எட்டுமென்றால் எந்த வாகனத்தையும் நிறுத்திவிடுவதே நல்லது.

எரிபொருள் விடயத்தில், 2022 இல் பெற்றோலுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நகரத்துக்குள் நின்று நின்று ஓடும்போது வாகனத்தின் எடையும், அதிவேக நெடுஞ்சாலையில் அதன் முகப்பின் பரப்பும் செலவைத் தீர்மானிக்கின்றன. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே மணிக்கு 100 கிலோமீற்றரில் காலிக்குச் செல்லும்போது தாழ்ந்த வேகன் மிச்சம் பிடிக்கும். ரயரையும் கணக்கில் சேருங்கள். பெரும்பாலான ஷட்டில்களுக்கு 185/60 ஆர்15 அளவும், வெசலுக்கு 215/60 ஆர்16 அல்லது 215/55 ஆர்17 அளவும் வேண்டும் (முதல் எண் ரயரின் அகலம் மில்லிமீற்றரில், கடைசி எண் சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில்). நான்கு ரயர்களுக்கான விலையை இரண்டு கடைகளில் கேட்டு எழுதிக்கொண்டால், வருடாந்தச் செலவின் வேறுபாடு கைக்கு வந்துவிடும்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. எஞ்சின் கொள்ளளவு கூடக்கூட வரியும் கூடும் முறை இருப்பதால் 996 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட ரைஸ் போன்றவை புதிதாக வந்து இறங்குகின்றன. ஷட்டிலின் உற்பத்தியோ 2022 இல் முடிந்துவிட்டது. எனவே வேகன் தேடுவோர் பெரும்பாலும் 2020 இற்கு முன் இறங்கிய வாகனங்களையே பார்க்க நேரிடும், அவற்றின் வயதுக்கேற்ற பரிசோதனையும் அவசியமாகும். திரும்ப விற்கும்போது எஸ்.யு.வி.க்கு ஆட்கள் விரைவாக வருவார்கள் என்பது உண்மை. மூன்று வருடத்தில் மாற்றுபவருக்கு அது பொருட்படுத்த வேண்டிய விடயம். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு அவ்வளவு முக்கியமில்லை.

பரிசோதனையில், நான் முதலில் சொன்ன இரட்டைக் கிளச் கியர்பெட்டியைத் தனியாகக் கவனியுங்கள். அது ஃபிட்டிலும் வெசலிலும் அறிமுகமான தொடக்க காலத்தில், ஜப்பானில் பல தடவைகள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. 2021 இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசலின் ஹைபிரிட் முறை முற்றிலும் வேறானது. பழையதை வாங்குபவர், விற்பவர் காட்டும் வெறிச்சோடிய வீதியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு, குளிரூட்டியைப் போட்டு, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, காலி வீதி நெரிசலில் அரை மணி நேரமாவது ஊர்ந்து செல்லுங்கள். சூடேறிய பிறகு புறப்படும்போது உதறுகிறதா, கியர் மாறும்போது தட்டுகிறதா, வெப்ப எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். ஹைபிரிட் பற்றரியின் நிலையைக் கணினியில் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். பற்றரிக்குக் காற்று செல்லும் துவாரத்தைத் தூசியோ சாமானோ அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பத்திரங்கள். அடிச்சட்ட இலக்கத்தை வாகனத்திலேயே வாசித்து, அதைப் பதிவுப் புத்தகத்தோடும் ஜப்பானில் ஏலத்தில் விற்கப்பட்டபோது வாகனத்தின் நிலையைக் குறித்த ஏல அறிக்கையோடும் ஒப்பிடுங்கள்; ஏல அறிக்கையிலுள்ள கிலோமீற்றர் அளவு இன்றைய மீற்றரை விடக் கூடுதலாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். லீசிங் கடன் தீர்ந்துவிட்டது என்று விற்பவர் சொன்னாலும், நிதி நிறுவனத்தின் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிப்படுத்திய பிறகே முற்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுங்கள்.